மேடும் அவலும்: வண்டி ஏறும் வாசலின் இலக்கணம்

சங்க காலத்து உமணர், உப்பினை வண்டியிலேற்றி உள்நாடு நோக்கிச் சென்றபோது, வண்டியின் அடியிலே மற்றோர் அச்சினையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு சென்றனர். அதற்குச் சேம அச்சு என்று பெயர். புறநானூற்றிலே ஔவையார், அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் போற்றுமிடத்து, இந்தச் சேம அச்சினையே உவமையாக்கினார். சமநிலத்தில் ஓடும்போது வண்டிக்குப் பெரிதும் ஊறு இல்லை. அவலில் இறங்கும்போதும் மிசையில் ஏறும்போதுமே ஊறு நேரும் என்பதை அவ்வணிகர் தம் தொழிலால் அறிந்திருந்தனர். அவல் என்பது பள்ளம். மிசை என்பது மேடு.

அவ்வறிவின் வழிநின்று, வீதியினின்றும் வீட்டு வளவினுள் வண்டி ஏறும் சரிவினைக் குறித்துச் சில சொல்ல விழைகின்றோம். இலக்கணம் கற்பிக்கும் எமக்கு இப்பொருளில் யாது தொடர்பு என்று வினவுவார் இருக்கலாம். எமது ஊராகிய கட்டைபறிச்சானிலே மலை இல்லை. கொட்டியார்க் குடாவின் தென்பால், மூதூருக்கும் சம்பூருக்கும் இடையே, வயலும் களப்பும் சூழ்ந்த தாழ்நிலம் அது. அவ்வாறிருந்தும் வீட்டு வாசல்களிலே வண்டியின் அடிப்பாகம் நிலத்தில் உரசும் ஓசை எம் செவிகளுக்குப் பழகிப்போன ஓசையாயிற்று. மலையில்லா ஊரில் வண்டி உரசுவது ஏன் என்னும் வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

1. வீதியும் வளவும்

தாழ்நிலத்து ஊர்களில் வீதியையும் வளவையும் மக்கள் உயர்த்திக்கொண்டே வருகின்றனர். வடகீழ்ப் பருவமழை பொழியும் மாதங்களில் நீர் மேவாதிருக்க வேண்டி வீதியைக் கிரவலிட்டு உயர்த்துவர். பின்னர் அதன்மேல் தாரோ கொங்கிறீற்றோ இடுவர். வளவுக்காரரும் தத்தமக்கு இயன்றவாறு மண் நிரப்பி முற்றத்தை உயர்த்துவர். ஒருவர் வளவு வீதியினும் இரண்டடி உயர்ந்து நிற்கும். அடுத்தவர் வளவு அதே வீதியினும் இரண்டடி தாழ்ந்து கிடக்கும். இரண்டுக்கும் இடையே மழைநீர் ஓடும் கான் ஒன்று இருக்கும். படலைக்கும் வீதி விளிம்புக்கும் இடைப்பட்ட தூரமோ பத்துப் பதினைந்து அடிக்கு மேற்படாது. அக்குறுகிய இடத்தினுள் அவ்வுயரத்தை ஏறி முடிக்க வேண்டியிருத்தலின், மலைநாட்டிலும் காணாத செங்குத்து எம் படலையடியிலே தோன்றிவிடுகின்றது.

இது வண்டியின் வண்ணப்பூச்சைப் பற்றிய கவலை மட்டுமன்று. அறுவடை முடிந்து நெல் மூட்டைகளைக் கொணரும் லொறி வளவினுள் ஏற இயலாது வீதியிலே நின்றால், ஒவ்வொரு மூட்டையையும் தோளில் சுமக்கவேண்டும். மழை தூறினால் நெல் நனையும். 1990 என்னும் இலக்கத்திற்கு அழைத்தால் விரைந்து வரும் அம்புலன்ஸ் வண்டி படலைக்கு வெளியே நின்றால், நோயாளியை நாற்காலியில் இருத்தி நால்வர் தூக்கி வருதல் வேண்டும். இரவு நேரத்தில், மழையில், வீட்டில் முதியவர் இருவர் மட்டுமே இருப்பின் அந்நால்வர்க்கு எங்கே போவது? ஆதலின் வாசற்சரிவு என்பது வீட்டாரின் நலத்தோடு பொருந்திய ஒன்று என்க.

2. வீட்டைச் சுமக்கும் வண்டி

அமெரிக்க நாட்டிலும் கனடாவிலும் 'ட்ரக் கேம்பர்' என்றொரு வண்டி உண்டு. அங்கு வாழும் எமது பழைய மாணவர் பலர் இதனைக் கண்டிருப்பர். பிக்கப் வண்டியின் பின்புறச் சரக்குப் பெட்டியினுள் சிறு வீடொன்றினை இறக்கி அமைத்துக்கொண்டு நெடும்பயணம் செல்வர். படுக்கை, அடுப்பு, நீர்த்தொட்டி யாவும் அதனுள் உண்டு. ஆயிரம் கிலோவுக்கு மேற்பட்ட எடையுடையன பல. பயணம் முடிந்து தம் வீட்டுச் சரிவில் ஏறும்போது, பின்னே நீண்டிருக்கும் அச்சிறு வீட்டின் அடிப்பாகமோ, அதனைத் தாங்கி இறக்குதற்கென நான்கு மூலைகளிலும் பொருத்திய தாங்குகால்களோ, கீழே உள்ள இழுவைக் கொழுக்கியோ நிலத்தில் உரசுகின்றன. செல்வம் மிக்க நாட்டாருக்கும் எமக்கும் இவ்விடயத்தில் வேறுபாடு இல்லை; நிலத்தின் கணக்கு எல்லார்க்கும் ஒன்றே.

வீட்டைச் சுமந்து செல்லும் வண்டி எம்மவர்க்கும் புதிதன்று. ஆயின் அதனை யாம் அறிந்த வகை வேறு. 2006 ஆம் ஆண்டின் போரினால் சம்பூர் முதலிய ஊர்களின் மக்கள் இடம்பெயர்ந்தபோது, கையிலெடுக்கக் கூடியனவே அவர்தம் வீடாயின. அவர்களுட் பலர் கட்டைபறிச்சான் முதலிய இடங்களிலிருந்த முகாம்களிற் பல்லாண்டுகள் வாழ்ந்து, பின்னரே தம் நிலத்துக்கு மீண்டனர். மீண்டவர்களின் கதவும் நிலையும் கட்டிலும் கூரைத்தகடும் உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏறிப் பழைய வளவுகளுக்குப் போகும்போது, பாரம் பின்னே நீண்டு தொங்கும். அங்கும் இதே கணக்கு. அங்கும் இதே உரசல்.

3. உயரமா? மூட்டா?

வண்டி உரசுவதற்குக் காரணம் ஏற்றத்தின் உயரம் என்று பலரும் கருதுவர். அது பொருந்தாது. திருக்கோணமலையில் பிரட்ரிக் கோட்டையினுள்ளே கோணேசர் கோயிலை நோக்கி ஏறும் வீதியை நோக்குக. எமது படலையடியினும் பன்மடங்கு உயரம் ஏறுகின்றது. எனினும் வண்டிகள் உரசாது ஏறுகின்றன. நியூசிலாந்து நாட்டின் டனீடின் நகரில் உள்ள போல்ட்வின் வீதி, உலகிலேயே மிகச் செங்குத்தான வீதி எனப் பெயர் பெற்றது. அதன் மிகச் செங்குத்தான பகுதியில் 2.86 அடி செல்வதற்குள் ஓரடி ஏறவேண்டும். அங்கும் மக்கள் வாழ்கின்றனர். மோட்டார் வண்டிகள் ஏறி இறங்குகின்றன.

ஆயின் உரசுவது எங்கே? சமநிலமும் சரிவும் சந்திக்கும் மூட்டிலே. சரிவின் நடுவில் நான்கு சக்கரங்களும் ஒரே தளத்தில் நிற்கும்போது, சமநிலத்தில் நிற்பதுபோலவே வண்டிக்கும் நிலத்துக்கும் இடைவெளி இருக்கும். முன்சக்கரம் ஒரு தளத்திலும் பின்சக்கரம் வேறொரு தளத்திலும் நிற்கும்போதே அவ்விடைவெளி குறைகின்றது. ஆகவே தீங்கு சரிவில் இல்லை. சரிவுகளின் புணர்ச்சியில் உண்டு.

புணர்ச்சி என்றதும் தமிழ் மாணவர்க்கு நன்னூல் நினைவுக்கு வரும். நிலைமொழியின் ஈற்றிலும் வருமொழியின் முதலிலும் உயிரெழுத்து நின்றால் அவ்விரண்டும் நேரே பொருந்தா. இடையே யகரமோ வகரமோ தோன்றி அவற்றை உடம்படுத்தும். மணி என்பதும் அழகு என்பதும் சேர்ந்து மணியழகு ஆவது அவ்வாறே. வீதியும் வளவும் அத்தகைய ஈருயிர்கள். அவற்றினிடையே உடம்படுமெய்போல ஓர் இடைச்சரிவு வேண்டும். இக்கட்டுரையில் யாம் கூற வந்ததன் சாரம் இதுவே; எஞ்சியன அதன் விளக்கம்.

4. உரசும் இடங்கள் மூன்று

வண்டி நிலத்தில் உரசும் இடங்கள் மூன்று. அவற்றிற்கு முன்கோணம், பின்கோணம், நடுக்கோணம் என்று பெயரிட்டு வழங்குவோம்.

முன்சக்கரம் நிலத்தைத் தொடும் இடத்தினின்றும் வண்டியின் மூக்குப் பகுதியின் தாழ்ந்த முனைக்கு ஒரு கோடு வரைந்தால், அக்கோடு நிலத்துடன் ஆக்கும் கோணம் முன்கோணம். எதிரே வரும் சரிவு இதனினும் மிகுந்தால், சக்கரம் ஏறுமுன்னரே பம்பர் மோதும்.

பின்சக்கரம் நிலத்தைத் தொடும் இடத்தினின்றும் வாற்பகுதியின் தாழ்ந்த முனைக்கு வரையும் கோடு ஆக்குவது பின்கோணம். முன்சக்கரங்கள் சரிவில் ஏறிப் பின்சக்கரங்கள் அடிவாரத்திற்கு வரும் தருணத்தில், வண்டியின் தலை நிமிர்ந்து வால் தாழும். வால் நீண்ட லொறியும் பேருந்தும் உரசுவது இங்கேதான்.

சரிவு முடிந்து சமநிலம் தொடங்கும் முகட்டில், முகடு இரு அச்சுகளுக்கும் நடுவே நிற்கும்போது, வண்டியின் வயிறு அதில் அமரும். இதனை அளப்பது நடுக்கோணம். தாழ்ந்த உடலையுடைய கார்களுக்கு இதுவே பெரும்பகை.

மாட்டுவண்டி இம்மூன்றிலும் தப்பியது ஏன் என்பது சிந்திக்கத்தக்கது. அதற்கு அச்சு ஒன்றே, சக்கரமோ உயர்ந்தது. இரண்டு அச்சுகளின் நடுவே தொங்கும் வயிறு அதற்கு இல்லை. வண்டிக்காரர் கவலையெல்லாம் முன்பாரம், பின்பாரம் என்பன பற்றியே. ஏற்றத்தில் பாரம் பின்னே சரிந்தால் நுகம் மேலெழும்பும் என்பதால், பாரத்தைச் சற்று முன்னே தள்ளி ஏற்றுவர். உழவு இயந்திரமும் அதன் பெட்டியும் கொழுக்கியில் மடங்குவன. ஆதலின் நீண்டிருந்தும் அவற்றின் நடுப்பகுதி பெரும்பாலும் தப்பும். மடங்காத நீண்ட உடலே முகட்டில் சிக்குகின்றது.

5. ஒரு கணக்கு

எண்களாற் பார்ப்போம். ஒரு வளவு வீதியினும் இரண்டரை அடி உயர்ந்தது எனக் கொள்க. சரிவின் நீளம் 15 அடி. ஆறடிக்கு ஓரடி உயரும் இச்சரிவினை 6க்கு 1 என்போம்.

அதில் ஏறவேண்டிய சிறு லொறியின் இரு அச்சுகளுக்கும் இடைத்தூரம் 10 அடி. பின்னச்சுக்குப் பின்னே வால் 4 அடி நீண்டுள்ளது. வாலின் நுனி நிலத்தினின்றும் 12 அங்குலம் உயரத்தில் உள்ளது. பின்சக்கரம் அடிவாரத்தில் நிற்கும்போது வால் எவ்வளவு தாழும்? நான்கடி என்பது 48 அங்குலம். அதனை ஆறால் வகுக்க 8 அங்குலம். பன்னிரண்டில் எட்டுப் போக 4 அங்குலம் மீதி. வெறும் லொறி உரசாது ஏறும்.

இனி நெல் ஏற்றுவோம். பாரத்தினால் பின்வில்கள் 3 அங்குலம் அமிழ்ந்தால், மீதி ஓரங்குலமே. மூட்டையை மேலும் அடுக்கவேண்டி வாலில் 2 அடி நீளப் பலகைத் தட்டொன்று சேர்த்தால், வால் 6 அடி, அதாவது 72 அங்குலம் ஆகின்றது. அது தாழும் அளவு 12 அங்குலம். இருப்பதோ 9 அங்குலம். மூன்று அங்குலம் போதாது, வால் உரசும். சரிவு மாறவில்லை, லொறியும் மாறவில்லை. பாரமும் நீட்சியுமே மாறின. இலேசான மயிலிறகும் அளவுகடந்து ஏற்றினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் வலியறிதல் என்னும் அதிகாரத்திற் கூறியதன் கருத்து இங்கும் பொருந்துவது காண்க.

முகட்டின் கணக்கு வேறு. வயிற்றின் உயரத்தை நான்கால் பெருக்கி, அச்சுகளின் இடைத்தூரத்தால் வகுத்தால், அவ்வண்டி தாங்கும் சரிவு மாற்றம் ஏறக்குறையக் கிட்டும். அச்சுகளின் இடைத்தூரம் 100 அங்குலமும் வயிற்றின் உயரம் 5 அங்குலமும் உள்ள காருக்கு, நான்கு ஐந்து இருபது. நூறில் இருபது, அதாவது 5க்கு 1. அது எமது 6க்கு 1 சரிவின் முகட்டினைத் தப்பும். நால்வர் ஏறி அமர்ந்து வயிறு ஓரங்குலம் தாழ்ந்தால், நூறில் பதினாறே கிட்டும். 6க்கு 1 என்பது நூறில் பதினாறரைக்கு மேற்பட்டது. ஆகவே தனியே வந்தபோது உரசாத கார், குடும்பத்தோடு வந்தபோது உரசும். "நேற்று ஏறிய வண்டிதானே!" என்று வியப்பார்க்கு விடை இதுவே.

6. துறையிற் கண்டது

திருக்கோணமலையினின்றும் மூதூருக்குத் தரைவழியே வருவோர் ஒருகாலத்திற் கிண்ணியா முதலாய நீர்த்துறைகளைப் பாதையிலேறிக் கடந்தனர். கிழக்கிலங்கை வழக்கில் பாதை என்பது வண்டிகளை ஏற்றிச் செல்லும் மிதவையையும் குறிக்கும். கிண்ணியாவில் 396 மீற்றர் நீளமுள்ள பாலம் 2009 ஆம் ஆண்டு ஒக்ரோபரில் திறக்கப்பட்டது. ஏனைய துறைகளிலும் பாலங்கள் அமைந்தன. இன்றைய இளைஞர் பலர் பாதையில் ஏறியறியார்.

பாதையின் முனையில் கீல் பூட்டிய பலகையொன்று இருக்கும். கரையை அடைந்ததும் அதனை இறக்குவர். கரைச்சரிவு, பலகை, பாதையின் தளம் ஆகிய மூன்றும் மூன்று வேறு தளங்கள். அவற்றின் மூட்டுகள் இரண்டு. நீர் ஏறினால் ஒரு கோணம், வற்றினால் வேறொரு கோணம். வண்டியின் முன்சக்கரம் பாதையில் ஏறியதும் அதன் முனை பாரத்தால் அமிழும்; கோணம் மீண்டும் மாறும். இதனைக் கையாளப் பாதைக்காரர் கண்ட முறைகள் எளியன. பேருந்து ஏறுமுன் பயணிகளை இறக்கினர். வில்கள் நிமிர்ந்து வால் உயர்ந்தது. சக்கரத்தின் கீழே பலகைத் துண்டுகளை இட்டனர். கூரிய மூட்டு இரண்டு சிறு மூட்டுகளாகப் பிரிந்தது. ஒருவர் பின்னே நின்று வாலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். ஓட்டுநர் அவர் சொற்படி அங்குலம் அங்குலமாக நகர்த்தினார்.

பாரத்தைக் குறைத்தல், மூட்டைப் பிரித்தல், மெல்லச் செல்லுதல் ஆகிய இம்மூன்றுமே இன்றும் எம் வாசலில் வேண்டுவன. பாதை மறைந்தது, அது கற்பித்த பாடம் மறையலாகாது.

7. ஓட்டுவோர்க்கு

சரிவினை மாற்ற இயலாதபோது வண்டி ஓட்டுவோர் செய்யத்தக்கன சில உள.

முதலாவது, வேகம் கூடாது. விரைந்து ஏறினால் மூட்டிலே வில்கள் அமுங்கி, உள்ள இடைவெளியும் குறையும். ஓடிவந்து பாய்ந்தால் ஏறிவிடலாம் என்பது எருதுக்கும் பொருந்தாது, இயந்திரத்துக்கும் பொருந்தாது.

இரண்டாவது, வாற்பாரத்தைக் குறைத்தல் வேண்டும். நூறு லீற்றர் நீர் நூறு கிலோ எடையுடையது; பின்னச்சுக்கு அப்பால் உள்ள நீர்த்தொட்டியை வெறுமையாக்கிய பின் ஏறுக. பயணிகளை இறக்குக.

மூன்றாவது, பலகை. வால் உரசும் வண்டிக்கு, பின்சக்கரங்கள் அடிவாரத்தைச் சேரும் இடத்தில் இரண்டு அங்குலத் தடிப்புள்ள அகன்ற பலகைகளை இடுக. வால் மிகத் தாழும் தருணத்தில் பின்னச்சு இரண்டு அங்குலம் உயர்ந்து நிற்கும். வாலும் அவ்வளவு உயரும். பலகை நழுவாதிருக்கின்றதா என்று முதலிற் பார்த்துக்கொள்க.

நான்காவது, சாய்ந்து ஏறுதல். சரிவுக்கு நேரே செல்லாது 45 பாகை சாய்ந்து சென்றால், சக்கரம் உணரும் சரிவு ஏறத்தாழப் பத்தில் ஏழு பங்காகக் குறையும். தாழ்ந்த கார்களுக்கு இது நல்ல உபாயம். உயர்ந்த பாரமுள்ள வண்டிகளுக்கோ இது ஆகாது. நெல் அடுக்கிய லொறியும் வீட்டைச் சுமந்த வண்டியும் பக்கவாட்டில் சாய்ந்து கவிழக்கூடும். அவை நேரே ஏறுவதே தக்கது.

பின்னோக்கி ஏறினால் வால் உரசாது என்பாரும் உளர். கணக்கு அதனை ஏற்பதில்லை. முன்னோக்கி ஏறும்போது வால் சமநிலத்தை நோக்கித் தாழ்கின்றது. பின்னோக்கி ஏறும்போது சரிவு வாலை நோக்கி உயர்ந்து வருகின்றது. இரண்டிலும் வேண்டப்படும் கோணம் ஒன்றே.

8. கட்டுவோர்க்கு

ஓட்டுநரின் திறமை ஒருநாளைக்கு உதவும்; நன்கு அமைந்த சரிவு என்றும் உதவும். ஆதலின் வாசல் அமைப்போர் பின்வருவனவற்றைக் கருதுதல் நன்று.

சரிவு நூறுக்குப் பத்து என்னும் அளவைக் கடக்குமாயின், அடிவாரத்திலும் முகட்டிலும் அச்சரிவின் பாதியளவான இடைச்சரிவு அமைப்பது பொறியியலாளர் வழக்கம். இடைச்சரிவின் நீளம் வண்டியின் அச்சுகளின் இடைத்தூரத்துக்குக் குறையாதிருப்பின், வால் தாழும் அளவும் பாதியாகின்றது. மேற்கூறிய லொறியை மீண்டும் நோக்குக. 6க்கு 1 சரிவில் 12 அங்குலம் தாழ்ந்த அதன் நீண்ட வால், 12க்கு 1 இடைச்சரிவிருப்பின் 6 அங்குலமே தாழும். இருப்பது 9 அங்குலம் ஆகையால், 3 அங்குலம் எஞ்சும். குறைவு மூன்றாயிருந்தது மிகுதி மூன்றாயிற்று.

இதற்கு இடம் வேண்டும். அடிவாரத்தில் 10 அடி நீளத்துக்கு 12க்கு 1 சரிவு அமைத்தால் 10 அங்குலம் உயர்வோம். முகட்டிலும் அவ்வாறே 10 அங்குலம். எஞ்சிய 10 அங்குலத்தை 6க்கு 1 சரிவில் 5 அடியில் ஏறலாம். ஆக 30 அங்குலம் ஏற 25 அடி வேண்டும். முன்னர் இருந்ததோ 15 அடி. மேலதிகமான 10 அடியை எங்கே பெறுவது? வீதியிலே பெறலாகாது. சரிவின் அடியை வீதிமேல் நீட்டினால், இரவில் மிதிவண்டியில் வருபவர் அதில் இடறி விழுவார். வளவினுள்ளே வெட்டிச் சென்றே அவ்விடத்தைப் பெறுதல் வேண்டும். முற்றத்தில் ஒரு கீற்று நிலம் குறையும், வாசல் நிறைவுறும்.

கானை மூடலாகாது. இதனை வற்புறுத்திக் கூறுகின்றோம். வாசலில் மண்ணைக் கொட்டிக் கானை நிரப்பிவிட்டால் வண்டி இனிதே ஏறும். மார்கழி மழையில் அயலவர் வீட்டினுள் நீரும் இனிதே ஏறும். கானின் கொள்ளளவைக் குறைக்காத குழாயோ சிறு மதகோ அமைத்து, அதன்மேலேயே சரிவினை இடுதல் வேண்டும். வீதியின் ஓரமும் கானும் பொதுச் சொத்தாதலின், அவ்வீதிக்குரிய அதிகாரிகளைக் கேட்டறிந்து செய்வதே முறை.

வளவு வீதியினும் தாழ்ந்திருப்பின், வீதிநீர் உள்ளே பாயாதிருக்க விளிம்பில் ஒரு சிறு வரம்பு இடுவர். அவ்வரம்பைக் கூர்மையாக எழுப்பினால் அதுவே வயிற்றை உரசும் முகடாகும். அதனையும் அகன்று தாழ்ந்ததாக அமைத்தல் வேண்டும்.

சரிவின் மேற்பரப்பு வழுக்கலாகாது. கொங்கிறீற்று இறுகுமுன் குறுக்கே கோடுகள் கீறிவிட்டால், பாசி படர்ந்த காலத்திலும் சக்கரத்துக்குப் பிடி கிடைக்கும். முற்கூறிய போல்ட்வின் வீதியின் மேற்பகுதிக்குத் தார் இடாது கொங்கிறீற்று இட்டமைக்கும் காரணம் உண்டு. வெயிலில் இளகிய தார் அத்துணைச் சரிவில் கீழே வழிந்துவிடும்.

இன்னும் ஒன்று. வண்டிக்காகச் சரிவு அமைப்போர் மனிதரை மறத்தலாகாது. சக்கர நாற்காலியில் செல்வோர்க்கு உலகெங்கும் பரிந்துரைக்கப்படும் அளவு 12க்கு 1. வண்டிச் சரிவின் ஓரத்திலே, மேலும் நீண்டு வளைந்து செல்லும் ஒரு நடைவழியை அவ்வளவில் அமைக்க இயலுமாயின், அவ்வீட்டின் முதியவர் பிறர் கையை எதிர்பாராது கோயிலுக்கும் கடைக்கும் சென்று வருவர்.

9. மாணவர்க்கு ஒரு பயிற்சி

மாணவர்கள் இதனைக் கேட்டறிவதோடு அமையாது, தம் கையாற் செய்து பார்த்தல் வேண்டும். தெளிவான நீண்ட குழாயொன்றில் நீர் நிரப்பி, ஒரு முனையை வீதி விளிம்பிலும் மறுமுனையை வளவிலும் நாட்டிய கம்புகளோடு சேர்த்துப் பிடிக்க. இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். ஒவ்வொரு கம்பிலும் நீர்மட்டத்தினின்றும் நிலம்வரை அளந்து, ஒன்றினின்றும் மற்றொன்றைக் கழித்தால் உயர வேறுபாடு கிடைக்கும். கொத்தனார் இம்முறையை நாளும் கையாளுகின்றனர்.

பின்னர் கட்டமிட்ட தாளில், ஓரடிக்கு ஓரங்குலம் என்னும் அளவில் சரிவின் பக்கத்தோற்றத்தை வரைக. தடித்த அட்டையில் அதே அளவில் வண்டியின் பக்கவடிவை வெட்டி, சக்கரங்கள் நிலத்தைத் தொடும் இரு புள்ளிகளையும் குறித்து, அவை சரிவுக்கோட்டின் மீதே செல்லுமாறு மெல்ல நகர்த்துக. அட்டை எங்கே கோட்டை வெட்டுகின்றதோ அங்கே வண்டி உரசும். கோட்டினை அழித்து இடைச்சரிவுடன் மீண்டும் வரைந்து நகர்த்துக. ஒரு மூட்டைச் சீமெந்தையும் செலவிடாமல் பத்து வாசல்களைக் கட்டிப் பார்த்துவிடலாம்.

கட்டிய பின் இடிப்பது பெருஞ்செலவு. வரைந்த பின் அழிப்பதற்கு ஓர் அழிப்பான் போதும். பழைய மாணவர்களுட் பொறியியலாளரும் கட்டடக் கலைஞரும் ஓட்டுநரும் உளர். அவர்கள் விடுமுறைக்கு ஊர் வரும்போது, தம் அயலிலுள்ள முதியவர் ஒருவரின் வாசலை இவ்வாறு அளந்து வரைந்து கொடுப்பாராயின், அவர் பெற்ற கல்வி அவ்வாசலில் வந்து நிற்கும். மாணவரும் அவருடன் குழாயின் மறுமுனையைப் பிடித்து நிற்பாராக.

உமணர் சேம அச்சினைக் கட்டிச் சென்றது, எதிரே வரும் அவலையும் மிசையையும் அறியாமையால். எமது வாசலின் அவலும் மிசையும் எமக்கு முன்னே கிடக்கின்றன. அளந்தறிய ஒரு குழாயும் ஒரு தாளும் போதும். வரும் மாரிக்கு முன்னரே அவற்றை அளந்துவிடுவோமாக.